பிள்ளைக் காவற் கட்டளை: காத்தலும் மாற்றலும்

மலர்க் குழுவினர் நம்மிடம் கட்டுரை கேட்டபோது, தமிழாசிரியராகிய நாம் சங்க இலக்கியம் பற்றியோ நாவலர் பெருமானின் உரைநடை பற்றியோ எழுதுவோம் என்றே எண்ணியிருப்பர். அத்தகைய கட்டுரைகள் இம்மலரில் வேறு பலவாக இருக்கும். நாமோ, ஆசிரியத் தொழிலில் ஒருமுறை இழைத்த பிழையொன்றின் காரணமாகக் கற்றுக்கொள்ள நேர்ந்த விடயத்தை எழுத விழைகின்றோம். பெற்றோர் பிரிந்தவிடத்துப் பிள்ளை யாரிடம் இருத்தல் வேண்டும் என நீதிமன்றம் விதிக்கும் கட்டளை எவ்வாறு காக்கப்படுகின்றது, எவ்வாறு மாற்றப்படுகின்றது என்பதே அவ்விடயம். நம் கல்லூரியின் பழைய மாணவருள் சட்டத்தரணிகளும் நீதிபதிகளும் பலர் உளர். அவர்கள் முன் சட்டம் பேசுதல் கொல்லத் தெருவில் ஊசி விற்றலாகும். ஆயினும் இக்கட்டுரை அவர்களுக்காக எழுதப்பட்டதன்று. வகுப்பறை வாயிலில் நிற்கும் ஆசிரியருக்கும், அவ்வாயிலுக்கு வரும் பெற்றோருக்குமாக எழுதப்பட்டது.

பல ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு பாடசாலையில் ஆறாந்தர வகுப்பாசிரியராக இருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், மாணவன் ஒருவனின் தந்தை தம் தம்பியாருடன் வந்து மகனை அழைத்துச்செல்ல வேண்டும் என்றார். தாயும் தந்தையும் பிரிந்து வாழ்கின்றனர் என்பதை நாம் அறிவோம். ஆதலின் தயங்கினோம். அவர் கையிலிருந்த நீதிமன்றக் கட்டளையைக் காட்டினார். முத்திரை இருந்தது; வழக்கிலக்கம் இருந்தது; வெள்ளிதோறும் தந்தை பிள்ளையைப் பொறுப்பேற்று ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தாயிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்ற வாசகமும் தெளிவாக இருந்தது. அதிபர் அன்று கூட்டமொன்றுக்குச் சென்றிருந்தார். நாம் கட்டளையை இருமுறை வாசித்துப் பார்த்துப் பையனை அனுப்பிவைத்தோம். இரண்டு மணிக்குத் தாய் வந்தார். நடந்ததைக் கூறினோம். “ஐயா, அந்தக் கடுதாசி பழசெல்லோ!” என்று மட்டும் சொல்லி வாயிற்படியில் அமர்ந்துவிட்டார்.

கட்டளை போலியன்று. ஆனால் நான்கு மாதங்களுக்கு முன்னரே அதே நீதிமன்றம் அதனை மாற்றியிருந்தது. ஞாயிறு மாலைகளிற் பிள்ளையைத் திருப்பி ஒப்படைக்கத் தந்தை பன்முறை தவறியமையால், சனிக்கிழமைகளிற் பகலில் மட்டும், அம்மம்மாவின் வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று புதிய கட்டளை பிறந்திருந்தது. பையன் ஒன்பது நாட்கள் கழித்தே பாடசாலைக்கு மீண்டான். அந்த ஒன்பது நாட்களும் நாம் உறங்கியது குறைவு.

மரியாதைராமன் கதையிற் பிள்ளைக்கு உரிமை கோரி இருவர் வருகின்றனர். அவருள் ஒருத்தி பொய்யள். ஆதலின் ஒரே நாளில், ஒரே சூழ்ச்சியால், வழக்கு முடிந்துவிடுகின்றது. நம் மாவட்ட நீதிபதிக்கு அந்த வாய்ப்பில்லை. அவர் முன் நிற்பவர் உண்மையான தாயும் உண்மையான தந்தையுமே. அன்றியும் அவர் இன்று வழங்கும் கட்டளை, நான்கு வயதுக் குழந்தைக்கும், அதே குழந்தை பன்னிரண்டு வயதுச் சிறுவனாகும்போதும், பதினேழு வயது இளைஞனாகும்போதும் பொருந்துதல் வேண்டும். அஃது எவ்வாறு இயலும்? இயலாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கின்றது.

நம் நாட்டில் இத்துறையை ஆளுவது பெரும்பாலும் உரோம ஒல்லாந்தச் சட்டமாகும். யாழ்ப்பாணத்தவராகிய நமக்குத் தேசவழமை உண்டே என்று சிலர் வினவுவர். 1707ஆம் ஆண்டளவில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தாற் பிரித்தானியர் சட்டவலு அளித்த அத்தொகுப்பிற் பிள்ளை வளர்ப்புப் பற்றிய குறிப்பு இல்லாமலில்லை. தாயை இழந்த பிள்ளைகளின் தந்தை மறுமணஞ் செய்யப் புகுந்தால், தாய்வழிப் பேர்த்தியாரோ நெருங்கிய உறவினரோ பிள்ளைகளைப் பொறுப்பேற்று வளர்ப்பது வழக்கம் என்றும், தாயின் சொத்தைத் தந்தை அவர்களிடம் ஒப்புவித்தல் வேண்டும் என்றும் அது கூறுகின்றது. ஆனால் இன்று தேசவழமை ஆளுவது சொத்துரிமையை. மணமுறிவிற் பிள்ளை யாரிடம் என்ற வினாவுக்கு விடை அங்கில்லை.

உரோம ஒல்லாந்தச் சட்டம் பழைய நாளில் தந்தையின் பக்கமே சாய்ந்து நின்றது. மணவாழ்வு சட்டப்படி நிலைத்திருக்கும்வரை காவலுரிமையில் தந்தைக்கே முன்னிடம் என்பது அதன் கொள்கை. காலப்போக்கில் நம் நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனே தலையாயது, பெற்றோர் உரிமை அதற்கு அடங்கியது என்ற நிலைக்கு வந்தன. இலங்கை 1991ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 9ஆம் உறுப்புரை இதனைப் பிள்ளையின் பக்கமிருந்து நோக்குகின்றது. தன் நலனுக்கு மாறாக அமைந்தாலன்றி, பிரிந்து வாழும் பெற்றோர் இருவருடனும் ஒழுங்காக நேரிற் பழகுதல் பிள்ளைக்குரிய உரிமை என்கின்றது. தந்தை மகனைப் பார்க்கும் உரிமை எனப் பேசுவோரே நம்மிடையே மிகுதி. மகன் தந்தையைப் பார்க்கும் உரிமை என்று எவரும் சொல்லக் கேட்டோமில்லை. நீதிமன்றத் தமிழிற் பிள்ளையை வைத்திருத்தலைக் கட்டுக்காப்பு என்பர். கட்டு, காவல், காப்பு என்னுஞ் சொற்கள் சிறைப்பட்டோரையும் நினைவூட்டுவதால் தமிழாசிரியர் செவிக்கு இது சற்றே உறுத்துகின்றது. புரத்தல் என்ற இனிய சொல் நம்மிடம் இருந்தும் சட்டம் அதனைத் தேடவில்லை.

இனிக் கட்டளையின் தன்மைக்கு வருவோம். விவாகரத்து வழக்கும் பிரிந்திருத்தற்கான வழக்கும் மாவட்ட நீதிமன்றத்துக்குரியன. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில் 619 முதல் 622 வரையுள்ள பிரிவுகள், வழக்கு நடக்கும்போதும் தீர்ப்பின் பின்னரும் பிள்ளைகளின் காவல், பராமரிப்பு, கல்வி ஆகியன பற்றிக் கட்டளையிடும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அளிக்கின்றன. அப்பிரிவுகளில் வருகின்ற ‘காலத்துக்குக் காலம்’ என்னுந் தொடரையே வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். காணி வழக்கின் தீர்ப்பு எல்லைக்கல் நட்டாற்போல்வது. மேன்முறையீட்டுக் காலமும் கடந்தபின் அசையாது. பிள்ளைக் காவற் கட்டளை அவ்வாறன்று. விவாகம் முற்றாகக் குலைந்து ஆண்டுகள் பல சென்றபின்னரும், தாயோ தந்தையோ மனுவொன்றின் மூலம் அதே நீதிமன்றத்தை அணுகி மாற்றங் கோரலாம். பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறையும்வரை அக்கதவு மூடப்படுவதில்லை.

மாறக்கூடிய கட்டளைதானே என்று அதனை இலேசாக எண்ணுதல் பெரும் பிழை. மாற்றப்படும்வரை அஃது இருவரையுங் கட்டுப்படுத்தும். தமக்கு நியாயமெனத் தோன்றியவாறு ஒருவர் தாமே அதனை மாற்றிக்கொள்ளுதல் ஆகாது. நம் பையனின் தந்தை செய்தது அதுவே. புதிய கட்டளை தமக்கு அநீதி என அவர் கருதியிருக்கலாம். அது மெய்யாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் செல்லவேண்டியிருந்த இடம் நீதிமன்றம். வந்த இடம் நம் வகுப்பறை.

கட்டளையைக் காக்கும் வேலை அதனை எழுதும்போதே தொடங்குகின்றது. ‘நியாயமான வேளைகளிற் பிள்ளையைப் பார்க்கலாம்’ என்றெழுதிய கட்டளை சண்டைக்கு விதை. எது நியாயமான வேளை? மீறப்பட்டது என்று எதைக் கொண்டு நிறுவுவது? எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், யார் கொண்டுவந்து விடுவது, யார் திருப்பி அழைப்பது, பாடசாலை விடுமுறையில் எத்தனை நாள், தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கோயிற்றிருவிழாவுக்கும் பிள்ளை எங்கே, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்நாளுக்கு மாற்றுநாள் எது என்பனவெல்லாம் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இவ்வளவையும் எழுதுவது அவநம்பிக்கை அன்றோ எனச் சிலர் கூறுவர். நம்பிக்கை இருந்திருந்தால் இருவரும் நீதிமன்றப் படி ஏறியே இருக்கமாட்டார்கள்.

கட்டளை மீறப்பட்டால் முதலில் நாள், மணி, நடந்தது ஆகியவற்றை அன்றன்றே குறித்துவைத்தல் வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சாட்சிக்கூண்டில் நின்று ‘பலமுறை தரவில்லை’ என்பதற்கும், ‘இன்ன திகதி மாலை நான்கு மணிக்குப் போனேன், வீடு பூட்டியிருந்தது’ என்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பின்னர் அதே வழக்கிலக்கத்தில், சத்தியக்கடதாசியுடன், நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவருதல் முறையாகும். நீதிபதி இருவரையும் அழைத்து விசாரிப்பார். பிள்ளையை முற்படுத்தும்படி பணிக்கலாம். இழந்த நாட்களுக்கு ஈடாக வேறு நாட்கள் கொடுக்கலாம். ஒப்படைக்கும் இடத்தை மாற்றலாம். வேண்டுமென்றே மீறுபவர் நீதிமன்ற அவமதிப்புக்கு ஆளாவார். அவமதிப்புப் பற்றி நம் நாட்டில் 2024ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் தனியே இயற்றப்பட்டுள்ளது. தண்டனைக்குரிய குற்றமாதலின் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படல் வேண்டும். பிள்ளை வைத்தியசாலையிற் கிடந்ததால் அனுப்ப இயலாமற் போனவர் கட்டளையை அவமதித்தவராகார்.

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்தல் நம்மவரின் முதல் எண்ணமாக இருக்கின்றது. அங்குள்ள சிறுவர் மகளிர் பிரிவினர் முறைப்பாட்டைப் பதிவுசெய்வர்; இருவரையும் அழைத்துப் பேசுவர்; அப்பதிவு பின்னர் சான்றாகவும் உதவும். ஆனால் நீதிமன்றக் கட்டளையைத் திருத்தவோ புதிதாக ஒன்று வழங்கவோ பொலிஸாருக்கு அதிகாரமில்லை. பிள்ளைக்கு அடியோ கொடுமையோ நேர்கின்றது என்ற அச்சம் இருப்பின் செய்தி வேறு. அப்பொழுது வழக்குத் தவணை வரும்வரை காத்திருத்தல் கூடாது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தில் உடனே அறிவித்தல் வேண்டும். ஆசிரியராகிய நமக்கும் இஃது உரியதே.

சிறைத்தண்டனை வரை அதிகாரம் இருந்தும் நீதிபதிகள் அதனை எளிதிற் பயன்படுத்துவதில்லை என்று வழக்காளிகள் மனங்கசந்து கூறுவதைக் கேட்டிருக்கின்றோம். அவர்கள் கசப்பு நியாயமானது. ஆயினும் தாயைச் சிறைக்கனுப்பிய தந்தையை எந்தப் பிள்ளை விரும்பிச் சென்று பார்க்கும்? பிள்ளையின் கையைப் பிடித்து ஓரிடத்திற் கொண்டுசென்று விட நீதிமன்றத்தால் இயலும். அங்கே அதனைச் சிரிக்கவைக்க இயலாது. நம் பையன் வெள்ளிதோறும் வயிற்றுவலி என்று மேசையிற் கவிழ்ந்து படுத்ததை முதலிற் சோம்பல் என்றே கருதினோம். கைமாறும் நாள் வெள்ளி என்பது பின்னரே விளங்கிற்று.

ஒரு தவற்றை இங்கே சுட்டாதிருக்க முடியவில்லை. ‘பிள்ளையைக் காட்டவில்லை, ஆகவே காசு கட்டமாட்டேன்’ என்பார் தந்தை. ‘காசு கட்டவில்லை, ஆகவே பிள்ளையைக் காட்டமாட்டேன்’ என்பார் தாய். இரண்டும் சட்டத்துக்கு ஒவ்வாதவை. தாபரிப்பு, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்திற் பெறப்படுவது. அதற்கு வேறு வழக்கு, வேறு கட்டளை, வேறு அமுலாக்கம் உண்டு. போதிய வருவாயுள்ள பெற்றார் எவராயினும், தாயாயினும் தந்தையாயினும், அதற்குக் கடப்பாடுடையவர். பிள்ளையின் சோறும் பிள்ளையின் உறவும் பண்டமாற்றுப் பொருள்களல்ல.

கட்டளை எதுவும் பிறக்குமுன்னரே பிள்ளையை ஒருவர் கொண்டுசென்றுவிட்டால் ஆட்கொணர்வு எழுத்தாணை கோரலாம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரை அவ்வதிகாரத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அளிக்கின்றது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தின் பின் மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் அஃது உண்டு. காவல் பற்றிய தகராறு வேறு நீதிமன்றத்தில் முறையாக ஆராயப்படத்தக்கது எனக் கண்டால் அங்கே செல்லும்படி பணிக்கவும் அதே உறுப்புரை இடந்தருகின்றது. ஆகையால் இது விரைவு மருந்தேயன்றி நிலையான உணவன்று.

மாற்றங் கோரும் மனு எப்போது வெல்லும்? கட்டளை பிறந்தபின் நிகழ்ந்தது என்ன என்பதே முதல் வினா. தொழிலின் பொருட்டு ஒருவர் வேற்றூர் செல்லுதல், நோய், மறுமணம், பிள்ளை உயர்வகுப்புக்கு வேறு பாடசாலை சேர்தல், முன்னைய ஒழுங்கு திரும்பத் திரும்ப மீறப்படுதல் போன்றவை எடுத்துக்கொள்ளப்படும். முன்னர் சொல்லி வெல்லாத அதே வாதத்தைப் புதிய சட்டத்தரணி வாயிலாக மீண்டும் சொல்லுதல் எடுபடாது. அதற்குரியது மேன்முறையீடு. பிள்ளை அமைதியாக வாழ்ந்துவரும் நிலையைக் காரணமின்றிக் குலைக்க நீதிபதிகள் விரும்பார். உடன்பிறந்தோரைப் பிரிக்கவும் தயங்குவர். நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை பெறப்படலாம். பிள்ளை ஓரளவு வளர்ந்திருப்பின் நீதிபதி தம் அறைக்கு அழைத்துத் தனியே பேசுவதும் உண்டு. பிள்ளையின் சொல்லுக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்குமேற்ற மதிப்பு உண்டேயன்றி, தீர்ப்புக்கூறும் சுமை பிள்ளையின் தலையில் வைக்கப்படுவதில்லை. வைக்கவும் கூடாது. ‘நீ கோட்டிலே என்ன சொல்லப்போகிறாய்?’ என்று பிள்ளையைத் தயார்செய்யும் பெற்றோரை, ஒரு சில கேள்விகளிலேயே நீதிபதி அறிந்துகொள்வார்.

இருவரும் மனமொத்து மாற்றிக்கொள்ளுதல் எல்லாவற்றினுஞ் சிறந்தது. ஆனால் அந்த இணக்கத்தையும் நீதிமன்றிற் சமர்ப்பித்துக் கட்டளையாகப் பதிவுசெய்தல் வேண்டும். வாய்ப்பேச்சில் வந்த ஒழுங்கு வாய்ச்சண்டையிற் போய்விடும். அப்பொழுது பழைய கட்டளையே உயிர்த்தெழும்.

நம் பழைய மாணவர் பலர் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் குடும்பத்தோடு வாழ்கின்றனர். அவர்களுட் சிலருக்கு இவ்விடயம் அந்நாட்டுச் சட்டப்படியே வந்து சேர்கின்றது. அவுஸ்திரேலியாவில், முடிந்த கட்டளையை மீண்டுந் திறக்கவேண்டுமாயின் சூழ்நிலை கணிசமாக மாறியிருத்தல் வேண்டும் என்பது 1979ஆம் ஆண்டு வழக்கொன்றில் எழுந்த விதி. சூழ்நிலை மாற்றத்தை ஆராய்ந்தே, பிள்ளையின் நலனுக்கு உகந்ததாயின் மட்டும், கட்டளையை மீளாய்வு செய்யலாம் என 2024ஆம் ஆண்டு மே மாதம் அது சட்டப் பிரிவாகவே இடம்பெற்றது. இங்கிலாந்தில், தக்க காரணமின்றிக் கட்டளையை மீறுபவர் 40 முதல் 200 மணிநேரம் வரை ஊதியமின்றி வேலைசெய்யும்படி பணிக்கப்படலாம். வீணாய்ப்போன பயணச்சீட்டுப் போன்ற செலவுக்கு நட்டஈடும் கொடுக்க நேரலாம். அவர்கள் 2014இல் பழைய பெயர்களைக் களைந்து ‘பிள்ளை ஒழுங்குக் கட்டளை’ என்னும் பொருள்படும் பெயரை வைத்தனர். கனடாவின் விவாகரத்துச் சட்டமும் 2021ஆம் ஆண்டு மார்ச்சு முதல், காவல் என்னுஞ் சொல்லைக் கைவிட்டதோடு, பிள்ளையுடன் தொலைதூரம் குடிபெயர விரும்புபவர் 60 நாட்களுக்கு முன்னர் எழுத்தில் அறிவித்தல் வேண்டும் என்கின்றது. சொல்லை மாற்றினால் மனமும் மாறுமா என்பது ஐயமே. ஆயினும் சொல்லைப் பற்றிக் கவலைப்பட்டார்களே என்று தமிழாசிரியருக்கு ஒரு மகிழ்ச்சி.

அந்நாடுகளிலிருந்து விடுமுறைக்கு ஊர் வருவோர் ஒன்றை அறிந்திருத்தல் நன்று. கோயிற்றிருவிழாவுக்கெனப் பிள்ளையை அழைத்துவந்து, அப்பம்மாவின் சொற்கேட்டு, இனி இங்கேயே படிக்கட்டும் என்று மற்றவர் சம்மதமின்றி நிறுத்திக்கொள்ளுதல் குடும்ப விடயம் மட்டுமன்று. 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இலங்கை 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் உள்நாட்டுச் சட்டமாக்கியது. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை தான் வழக்கமாக வாழ்ந்த நாட்டிலிருந்து முறையின்றிக் கொண்டுவரப்பட்டாலோ நிறுத்திவைக்கப்பட்டாலோ, இவ்வுடன்படிக்கையால் நம் நாட்டுடன் இணைந்த நாடாயின், அங்கே திருப்பியனுப்பும்படி கோரலாம். ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் திருப்பியனுப்புதலே பொது விதி. பெருந்தீங்கு நேரும் என்ற அச்சம் போன்ற சில விலக்குகளே உண்டு. யாரிடம் பிள்ளை வளரவேண்டும் என்பதை அந்நாட்டு நீதிமன்றமே முடிவுசெய்யும். இந்தியா இவ்வுடன்படிக்கையிற் சேரவில்லை. ஆகவே சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளைக்கு இவ்வழி திறவாது.

பாடசாலையின் பங்கு சிறிது. ஆனால் வாயில் அங்கேதான் இருக்கின்றது. பெற்றோர் பிரிந்தமை தெரியவந்ததும், நீதிமன்றப் பதிவாளரின் உறுதிப்பாடு பெற்ற பிரதியை இருவரிடமும் கேட்டு வாங்குகின்றோம். ஒருவர் தந்த தாளை மற்றவரிடம் காட்டாமல் ஏற்பதில்லை. கட்டளையின் திகதிக்குப் பின்னர் வேறு கட்டளை உண்டா என்று எழுத்தில் வினவுகின்றோம். நடு நேரத்திற் பிள்ளையை அழைக்க வருபவர் யாராயினும், அதிபரின் கையொப்பமின்றி அனுப்புவதில்லை. முன்னேற்ற அறிக்கையின் பிரதியை, கட்டளை தடுக்காதவிடத்து, இருவருக்கும் கொடுக்கின்றோம். இவையெல்லாம் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பின்னர் நாம் எமக்கே விதித்துக்கொண்டவை.

அந்தத் தந்தை பின்னர் நீதிமன்றத்திலே தவற்றை ஒப்புக்கொண்டார். ஓராண்டுக்கு மேலாக ஒரு சனிக்கிழமையும் தவறாமல் அம்மம்மாவின் வீட்டுக்கு வந்து, குறித்த நேரத்தில் எழுந்து சென்றார். அதனைக் காட்டி மாற்றங் கோரினார். தாயின் சட்டத்தரணி எதிர்க்கவில்லை. கட்டளை மூன்றாம் முறை மாறிற்று: சனி காலை தனியார் வகுப்பு முடிந்ததும் பையன் தானே சைக்கிளில் தந்தை வீடு செல்லலாம், ஞாயிறு மாலை தானே திரும்பலாம். கைமாறும் வாயிலே இல்லாமற் போயிற்று. வெள்ளிக்கிழமை வயிற்றுவலியும் வரவில்லை. அவன் இவ்வாண்டு உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுகின்றான். மார்கழியிற் பதினெட்டு வயது நிறைகின்றது. அன்றோடு அக்கட்டளை செயலற்றுவிடும். சென்ற மாதம் கோயில் வீதியில் நம்மைக் கண்டு இறங்கி வணங்கினான். சைக்கிளின் பின்னே ஒரு பை நிறைய மாம்பழம் இருந்தது. அப்பா தந்தவை, அம்மாவுக்குக் கொண்டுபோகின்றேன் என்றான்.